பட்டையைப் பார்த்து மரத்தை அறிதல்

மூன்கேட் என்னும் வட்ட வாயிலிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் காட்டுப் பாதையில் ஞாயிறுதோறும் நடக்கத் தொடங்கிய காலத்தில், இலையைக் கொண்டே மரத்தை அடையாளம் காண முயன்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பெருமரங்களின் இலைகள் எட்டாத உயரத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. கைக்கெட்டுவது பட்டை மட்டுமே.

முதலில் பழகியது பிந்தாங்கோர். மஞ்சள் கலந்த பழுப்புப் பட்டையில், சிறு படகுகளை வரிசையாக நிறுத்தியதுபோல் நீள்வாக்கில் வெடிப்புகள் ஓடும். இது நம் புன்னையின் இனம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் எழுந்த முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. அந்தப் பெனாகாவும் புன்னையே என்று அறிந்தபின், இம்மரம் எனக்கு உறவுக்காரர்போல் ஆகிவிட்டது.

பெலாவான் மரத்தைக் கண்டுபிடித்தவள் என் மகள். "அப்பா, இந்த மரத்துக்குத் தோல் உரியுது" என்றாள். ஆரஞ்சு நிறம் ஓடிய வழவழப்பான தண்டிலிருந்து பட்டை நீள நீளமாகச் சுருண்டு கழன்று, அடியில் குவியலாகக் கிடந்தது. வீட்டுக் கொய்யா மரத்தின் பட்டை உரிவதை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டும் ஒரே குடும்பம்.

மலைமுகடுகளில் நிற்கும் செராயாவின் பட்டை செம்பழுப்பு நிறத்தில் ஆழமாக வெடித்திருக்கும். 1884இல் தொடங்கிய பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் கர்ட்டிஸின் பெயரையே அதன் அறிவியல் பெயர் தாங்கியிருக்கிறது. குங்கிலிய மரத்தின் சுற்றமாகையால், காயம்பட்ட இடத்தில் பிசின் கசிந்து இறுகியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருக்கும் என்பதால் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; பாசி படர்ந்த பக்கத்தை விட்டு மறுபக்கம் சென்று பார்ப்பதும் அவசியம்.

அடையாளம் காண்பதற்காகப் பட்டையைக் கத்தியால் கீறுவதை நான் அடியோடு வெறுக்கிறேன். மரத்துக்கு அது புண். சில மரங்களில் நமக்கும் புண். மாவுக்கும் சேராங்கொட்டைக்கும் உறவான ரெங்காஸின் பால், காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். யாரோ கீறிவைத்த மரமொன்றில் தெரியாமல் கையூன்றிய எனக்கு, மறுநாளே உள்ளங்கை முதல் முழங்கை வரை கொப்புளங்கள் எழும்பின. ஆற இரண்டு வாரமாயிற்று. இப்போதெல்லாம் பட்டையில் கரிய கறை வழிந்திருக்கக் கண்டால், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விலகியே நடக்கிறேன்.