சேவைப் புத்தகத்தில் காணாமல் போன 14 மாதங்கள்

ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போது, எங்கள் பினாங்குத் தமிழ்ப்பள்ளியின் கிராணி (அலுவலக எழுத்தர்) என் சேவைப் பதிவுப் புத்தகத்தை நகலெடுத்து நீட்டினார். "பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்." மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவந்திருந்தேன். அதனால்தான் நகல் வீட்டுக்கு வந்தது. இல்லையென்றால் அங்கேயே போட்டுக் கொடுத்திருப்பேன்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தால், கெடா தோட்டப் பள்ளியில் நான் இருந்த காலம் 1994 டிசம்பரோடு நிற்கிறது. அடுத்த வரி 1996 மார்ச், பினாங்கில். நடுவில் 14 மாதங்கள் இல்லை. அந்த மாதங்களில் மழையில் நனைந்துகொண்டே மோட்டார் ஓட்டிப் போனவன் யாரோ!

இலாகாவில் இருந்த தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பென்ஷன் உங்களுக்கு முழுசாவே வருது சார். எதுக்கு அலையறீங்க?"

அவர் சொன்னதில் பிழையில்லை. கடைசி அடிப்படைச் சம்பளத்தைச் சேவை மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுப்பார்கள். ஆனால் 360 மாதங்களுக்கு மேல் சேராது. ஆகவே சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் உச்சம். என்னுடையது 33 வருடம், 396 மாதங்கள். பதினாலைக் கழித்தாலும் 382. பென்ஷனில் ஒரு சென் குறையாது.

ஓய்வுபெறும்போது மொத்தமாக ஒரே தடவை கிடைக்கும் பணிக்கொடை விஷயம் வேறு. அதற்கு 360 என்ற வரம்பு கிடையாது. கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காடு, அதை மொத்த மாதங்களால் பெருக்க வேண்டும். 14 மாதம் போனால் 105 விழுக்காடு போகிறது, அதாவது ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேல் கொஞ்சமும். காகிதத்தில் எழுதிக் காட்டியதும் தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டு, மாற்றல் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டார்.

கெடாவுக்குப் போனேன். தோட்டத்தில் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளியில் அந்தக் காலத்துக் கோப்பு எதுவும் இல்லை. மூன்று வாரம் வீட்டைக் கலைத்துப் போட்ட பிறகு என் மனைவிதான், "வீட்டுக் கடன் ஃபைலைப் பாத்தீங்களா?" என்றாள். அரசாங்க வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது இணைத்த நகல்கள்! மாற்றல் கடிதம், 1995ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டுகள் ஆறு, துருப்பிடித்த கிளிப்போடு அப்படியே இருந்தன. கிளிப்பை எடுத்தபோது காகிதத்தில் அதன் வடிவமே பழுப்பாகப் பதிந்திருந்தது.

அப்புறமும் நாலு மாதம் இழுத்தது. ஒருவழியாக விட்டுப்போன வரிகளை எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டார்கள். ஓய்வுக்கு வேண்டிய மற்றவை, சொத்து அறிவிப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு காலையில் முடிந்தன.

பணிக்கொடை 396 மாதங்களுக்கே வந்தது. முதல் பென்ஷன் வந்த அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது: ஐந்தில் மூன்று பங்கு என்பது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். படிகள் எதுவும் கணக்கில் இல்லை. கையில் வாங்கிப் பழகிய தொகையோடு ஒப்பிட்டால் பாதிதான் தேறும். மனைவி வங்கிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "காருக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி?" என்று கேட்டாள்.