கேட் வீட்டு நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024, திங்கள். போடி

நாலரைக்கு அலாரம். அதற்கு முன்பே வீட்டுக்காரர் எழுந்து ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்குள் ஆட்களை ஏற்றினால்தான் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, நேரத்துக்குத் தோட்டத்தில் இறக்க முடியும். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்ததிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் உள்ள நேரம்தான் எனக்கு நாவல் எழுத. சில நாள் அது ஒன்றரை மணி நேரம். இன்று இருபத்தைந்து நிமிடம். குடத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தால், பாதியில் நிறுத்திய வாக்கியம் எங்கே போக இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

நாவல் எதைப் பற்றி என்று ஒருமுறை எழுதி வைக்கிறேன், எனக்கே அவ்வப்போது மறந்துபோகிறது. மதுரை போடி ரயில் பாதை, 90 கிலோமீட்டர். 1928-இல் வந்தது. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் ரயில் திரும்பி வந்தது. இந்தப் பன்னிரண்டு வருடமும் ரயில் வராத ஒரு கேட்டில் காத்திருக்கும் கேட் கீப்பர்தான் என் கதாநாயகன்.

22 அத்தியாயம் ஆகிவிட்டது. இரண்டு நீள நோட்டு முடிந்து மூன்றாவது நடக்கிறது.

அக்டோபர் 9, புதன்

கடையில் வேலை அதிகம். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாசனையாக இருக்குமே என்பார்கள். பதினோரு வருடத்தில் என் மூக்குக்கு ஏலக்காய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. இந்தக் கோடை வெயிலில் இடுக்கிப் பக்கம் செடிகள் நிறையக் கருகிவிட்டன. வரத்துக் குறைவு, கிலோ 2,000 ரூபாய்க்கு மேலே நிற்கிறது, முதலாளி ஒரு நாளைக்கு நாலு தடவை ஏல விலையைப் பார்க்கிறார்.

பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி. அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கூட்டல் போடுவது என் பழக்கம். இன்று ஒரு அக்கா, திருப்பூரில் இருக்கும் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார்: “வர்றேன் வர்றேன்னு சொல்றது அவருக்கு வேலை, சரி சரின்னு கேக்குறது எனக்கு வேலை.” பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. என் நாவலில் காத்திருப்பவன் ஆண்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நேற்று சரஸ்வதி பூஜைக்கு, வீட்டில் இருந்த எல்லாப் புத்தகத்தையும் அத்தை அடுக்கினார். மகனின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல், ஜீப் ஆர்.சி. புத்தகம், அவற்றோடு என் மூன்று நோட்டும். “இதுவும் படிப்புதானே” என்றார். என் எழுத்தைப் பற்றி இந்த வீட்டில் வந்த முதல் விமர்சனம் இது, நல்லபடியாகவே எடுத்துக்கொள்கிறேன். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்பதால் ஒரு நாள் எழுத வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். 17-ஆம் அத்தியாயத்தில் குங்குமம் கொட்டியிருந்தது. அந்த அத்தியாயம் குங்குமம் பட்டும் தேறவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு. உசிலம்பட்டி போய் வந்து

இந்தப் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கேட் கீப்பர் ஒருவர் உசிலம்பட்டியில் இருக்கிறார் என்று வீட்டுக்காரரின் ஜீப்பில் வரும் ஒருவர் சொன்னார். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டு இன்று போனேன். பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வருகிறது, சாயங்காலம் திரும்பிப் போகிறது. எனக்கு வேண்டியது நேர் எதிர். ரயிலைப் பற்றி நாவல் எழுதுகிறவள் ஆண்டிபட்டிக் கணவாயைப் பஸ்ஸில் நின்றுகொண்டு தாண்டினேன்.

பெரியவருக்கு எழுபது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேசும்போது கை தானாகவே கொடி பிடிக்கிற மாதிரி நீளுகிறது. முதலில் 9-ஆம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டில் மாட்டு வண்டி சிக்கிக்கொள்கிறது, தூரத்தில் ரயில் வருகிறது, என் ஆள் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தில் ஓடுகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம்.

“துணியை மட்டும் ஆட்டிட்டு ஓடுனானா? சஸ்பென்ட் பண்ணிருவான் தாயி” என்றார். “கொடியும் காட்டணும், வெடியும் வைக்கணும். மீட்டர் கேஜுன்னா நானூறு மீட்டர்ல தண்டவாளத்து மேல ஒண்ணு, எண்ணூறு மீட்டர்ல மூணு, பத்துப் பத்து மீட்டர் தள்ளி. சக்கரம் ஏறுனா வெடிக்கும், டிரைவர் நிறுத்துவான். டெட்டனேட்டர்ம்போம்.” சொல்லிக்கொண்டே திண்ணையில் மூன்று தீப்பெட்டிகளை வரிசையாக வைத்துக் காட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி வருவதைச் சொன்னதும் பேசியதற்கு அத்தாட்சியாக இரண்டு பக்கமும் பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை மாற்றிக்கொள்வதையும், அதை நோட்டில் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். கை வலிக்க எழுதினேன். இதெல்லாம் திருத்திவிடலாம், தைரியம் வந்தது. அப்போதுதான் கதையின் முக்கிய விஷயத்தைச் சொன்னேன்: ரயில் நின்ற பிறகு பன்னிரண்டு வருடம் அவன் அந்தக் கேட்டிலேயே இருக்கிறான்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

“வண்டி இல்லாத கேட்டுல கேட் கீப்பருக்கு எவன் சம்பளம் குடுப்பான்? எங்களை எல்லாம் உடனே வேற எடத்துக்கு மாத்திட்டான். நான் திண்டுக்கல் பக்கம் போனேன். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணியாச்சு.”

ஒன்றும் பேசத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். குடித்தேன். “அவ வரலை, பிள்ளை பன்னெண்டாப்பு படிச்சுச்சு, இங்கனயே வாடகைக்கு எடுத்து இருந்தா” என்று பெரியவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் ஏறவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவும் சந்தோஷமாக இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

எழுதவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

எழுதவில்லை. தண்ணீர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. வேண்டாத நாளில்தான் இப்படி வரும்.

இது கதைதானே, ரயில்வே விதிப்புத்தகமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பாதையில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள். “அவன் காத்திருந்தான், அவனுக்காகத் தண்டவாளமும் காத்திருந்தது” என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது. தண்டவாளம் எங்கே காத்திருந்தது, அதைத்தான் பெயர்த்து எடுத்துவிட்டார்களே!

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. கடையில் போனஸ் கணக்கு முடிய ராத்திரி ஒன்பது. அதிரசம் மூன்று ஈடு எண்ணெயில் பிரிந்துபோய்விட்டது, பாகு பதம் தப்பிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, மாவைப் பிசைந்து மறுபடி தட்டினார். போன வருடம் என் சிறுகதைகளை அனுப்பிய பதிப்பகத்திலிருந்து இன்று போன் வந்தது. 300 பிரதி போடலாம், 40,000 ரூபாய் நீங்கள் தர வேண்டும் என்றார்கள். போனஸ் கையில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிட்டார்களோ என்னவோ. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, ஜீப்புக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

போனில் தட்டச்சு செய்து வைத்திருந்த முதல் 14 அத்தியாயங்களை எடுத்து, எது மிஞ்சும் என்று பார்த்தேன். கேட் கீப்பரின் மனைவி வரும் இடங்களை மட்டும் பார்க்கலாம் என்று தேடலில் அவள் பெயரைப் போடப் போனேன். பெயர் இல்லை. 14 அத்தியாயத்திலும் “அவன் மனைவி”தான். 61 இடங்களில். சோறு போடுகிறாள், துணி காயப்போடுகிறாள், “வாங்க சாப்பிட” என்கிறாள். 61 தடவை வந்தவளிடம் ஒரு தடவைகூட நான் ஏதும் கேட்கவில்லை.

உசிலம்பட்டியில் காபி கொண்டு வந்து வைத்த அம்மாவிடமும் கேட்கவில்லை. புருஷன் மாற்றலாகிப் போன பிறகு அங்கேயே இருந்தவர் அவர்தானே. பெரியவர் அதைச் சொன்னபோது நான் என் கதாநாயகனுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன்.

பில் கட்டைத் துழாவி, திருப்பூர் அக்கா சொன்னதை எடுத்து நான்காவது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

நவம்பர் 14, வியாழன்

120 சொல். எல்லாம் மோசம். அவள் வாயைத் திறந்தால் நான் பேசுகிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மறுபடி உசிலம்பட்டி. ஒரு கிலோ இனிப்பும் கடையில் கழித்த நூறு கிராம் ஏலக்காயும் கொண்டு போனேன். பெரியவர் சந்தோஷமாகத் தீப்பெட்டியை எடுத்தார். “இன்னைக்கு அம்மாகிட்டப் பேச வந்தேன் ஐயா” என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நடுவில் இரண்டு முறை அம்மாவைத் திருத்தினார். மூன்றாவது முறை அம்மா அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

ரயில் நின்றபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். வெறிச்சென்று இருந்தது என்பார், அழுதேன் என்பார் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

“பிள்ளைக ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துக்கு லேட்டு” என்றார்.

புரியவில்லை. குவார்ட்டர்ஸில் கடிகாரம் கிடையாதாம். கேட் ரூமில் இருந்தது, அது டூட்டிக்கு. வீட்டுக்குக் காலை வண்டிச் சத்தம்தான் மணி. வண்டி போனால் உலை இறக்கணும், பிள்ளைக்குச் சடை போடணும். வண்டி நின்ற பிறகும் காது அதற்காகவே இருந்ததில் மணி தப்பிவிட்டது. “அப்புறம் சந்தையில ஒரு கடிகாரம் வாங்குனோம். நூத்தி எம்பது ரூவா. இதான்” என்று சுவரைக் காட்டினார். பச்சை பிளாஸ்டிக் கடிகாரம், ஐந்து நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறாராம்.

மூன்று மணி நேரம் பேசினார். அதெல்லாம் நோட்டில் இருக்கிறது, இங்கே எழுதினால் நாவலுக்கு மிஞ்சாது.

திரும்பும் வழியில் அவர்கள் இருந்த கேட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். கேட் இல்லை. அகலப்பாதை போட்டபோது சுரங்கப்பாதையாக்கிவிட்டார்கள். நேற்றைய மழைத் தண்ணீர் அதில் முழங்கால் அளவு நின்றது. ஒரு பையன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, வலமும் இடமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்தான். திறந்து மூடத்தான் யாரும் இல்லை.

கிளம்பும்போது அம்மா வாசல் வரைக்கும் வந்தார். “கதையில என் பேரை மட்டும் வச்சிராத. அவருக்கு ரயில்வே பென்ஷன் வருது.”

டிசம்பர் 2, திங்கள்

நாலரை. தண்ணீர் 5.50-க்கு. 310 சொல். பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டிருக்கிறார்கள், இவள் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். பெயர் இன்னும் அமையவில்லை.