தார் உருண்டைய ஜிப்லாக் கவர்ல போட்டுத் தொலைச்ச கதை

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு நானா போய் மாட்டிக்கிட்டதுதான் இது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல கால்ல ஒட்டுன தார (கடல்ல கொட்டுன எண்ணெய் இறுகி உருண்டையா கரை ஒதுங்குறது) தேங்காய் எண்ணெய் போட்டுத் தேச்சுக்கிட்டே, இத டெஸ்ட் பண்ணா எந்தக் கப்பல் கொட்டுச்சுன்னு தெரிஞ்சிடும்ல, ஈசி ப்ராஜெக்ட்னு நெனச்சேன். வீராம்பட்டினத்துலயும் போய் நாலு உருண்டை பொறுக்கி எல்லாத்தையும் ஜிப்லாக் கவர்ல போட்டேன். அங்கயே முடிஞ்சு போச்சு, எனக்குத்தான் தெரியல.

சென்னை லேப் கவுண்டர்ல இருந்தவரு லெட்டர்ல கையெழுத்து இருக்கு, டிபார்ட்மென்ட் சீல் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாரு. போன் பண்ணி கைடுகிட்ட பேசுங்க சார்னு கெஞ்சுனேன், தலையக் கூட நிமித்தல. கடலூர் பஸ்ல திரும்பி வந்து சீல் வாங்கி மறுபடி போய்க் குடுத்தா, ஜிசி-எம்எஸ் (கலவையப் பிரிச்சு ஒவ்வொன்னையும் அயனி எடைய வெச்சு அடையாளம் காட்டுற மெஷின்) ரிசல்ட்ல மலை மாதிரி நின்னது 149ங்கிற எடையோட பீக். "தம்பி இது எண்ணெய் இல்ல, உங்க கவரு"ன்னு லேப் அக்கா சிரிச்சாங்க. பிளாஸ்டிக்க மென்மையாக்கப் போடுற தாலேட்ங்கிற கெமிக்கலாம் அது.

ரெண்டாவது ரவுண்டு கண்ணாடி பாட்டில், மூடிக்கு அடியில அலுமினியம் ஃபாயில், கூடவே ஒரு காலி பாட்டிலும் அனுப்புங்க, பாட்டில்ல இருந்தே எதும் வருதான்னு அப்பதான் தெரியும். காலேஜ் ப்ரீசர் ரிப்பேர், அதனால வீட்டு ப்ரிட்ஜ்ல வஞ்சிரத்துக்குப் பக்கத்துல வெச்சு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இன்னொன்னு, எல்லா எடையையும் ஒன்னா பாக்குற ஃபுல் ஸ்கேன் மட்டும் கேக்காதீங்க, காசு தண்டம். லேசான சரக்கு ஆவியாயிடும், எண்ணெயில இருக்குற ஆல்கேன்ங்கிற சேர்மங்கள பாக்டீரியா தின்னுடும், கிராஃப்ல மிச்சம் ஒட்டக முதுகு மாதிரி ஒரு மேடுதான். 191, 217 ரெண்டு எடையையும் சிம் மோடுல (கேக்குற எடைய மட்டும் பாக்குற முறை) போடச் சொல்லுங்க, 191ல தெரியிற ஹோப்பேன், 217ல தெரியிற ஸ்டீரேன் எல்லாம் எண்ணெயோட அடையாளப் பொருள், வெயில் மழையில லேசுல அழியாது. நான் இதுக்கும் ரெண்டு தடவ காசு கட்டுனேன்.

ஆனா அந்த 191 பாத்தப்ப வந்த சந்தோஷம் இருக்கே! ரெண்டு பீச்சும் ஒரே கப்பல்தான்னு அடிச்சு சொல்லிட்டிருந்தேன், ஒன்னுல ஓலியனேன் (இதுவும் அந்த மாதிரி அடையாளப் பொருள்தான், சில எண்ணெயில மட்டும் இருக்கும்) நல்லாவே நிக்குது, இன்னொன்னுல இல்லவே இல்ல. வேற வேற எண்ணெய்.

"அப்ப எந்தக் கப்பல்?"னு கைடு கேட்டாரு. 2017ல எண்ணூர்ல இடிச்சுக்கிட்ட ரெண்டு கப்பலும் எதுன்னு ஊருக்கே தெரியும், டேங்க் எண்ணெயோட வெச்சுப் பாக்கலாம். நமக்கு ஒப்பிட எதுவுமே இல்லயே, ஒன்னா வேறயான்னுதான் சொல்ல முடிஞ்சுது. யாராவது டேங்க் சாம்பிள் குடுத்தா வேணுமேன்னு மூணு பாட்டில் இன்னும் அம்மா ப்ரீசர்லதான் கெடக்கு.