கான்டெஸாவின் பிசுபிசுத்த ஸ்டியரிங்: சுரண்டி எடுத்துத் தோல் தைத்த கதை

என்னிடம் இருப்பது 1993 மாடல் கான்டெஸா கார், 1.8 லிட்டர் இசுஸூ எஞ்சின் வைத்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தொல்லை கொடுத்தது ஸ்டியரிங்தான். போன மழைக்காலத்தில் லேசாக ஒட்ட ஆரம்பித்தது, சித்திரை வெயிலில் உள்ளங்கையெல்லாம் கறுப்பாக ஈஷிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. நிறுத்தித் திருப்பும்போது இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஸ்டியரிங் தேடலாம் என்றார்கள். ஆனால் அதுவும் அதே வயது, அதே வெயில் குடித்த பொருளாகத்தான் இருக்கும். புது மாடல் ஸ்டியரிங் மாட்ட மனம் வரவில்லை. அந்த மெல்லிய பெரிய வளையம் போய்விட்டால் உட்காருகிற இடமே வேறு வண்டி மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒட்டுவது மேலே படிந்த அழுக்கா, இல்லை பொருளே கெட்டுவிட்டதா? வியர்வை, கை எண்ணெய், சர்வீஸில் அள்ளிப் பூசுகிற டேஷ்போர்டு பாலிஷ் எல்லாம் சேர்ந்து பசை மாதிரி ஆவது உண்டு. அதற்குச் சோப்புத் தண்ணீரும், அடங்காவிட்டால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். வெள்ளைத் துணியில் முதலில் பழுப்பாக வரும், அப்புறம் சுத்தமாக வரும், காய்ந்ததும் ஒட்டாது. என் வண்டியில் துடைக்கத் துடைக்கக் கறுப்புதான் வந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நின்றது. கண்ணாடி வழியாக வெயில் நேராக விழும் மேல் பாதி மோசம், கீழ்ப் பாதி ஓரளவு கெட்டி.

பாலியூரித்தேன் நுரையில் செய்த வளையங்களுக்கு வருகிற வியாதி இது. சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுந்தது திரும்ப ஒட்டாது. பிவிசி என்றால் கதை வேறு: அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசிந்து வரும். டால்கம் பவுடர் தடவினால் ஒரு காலை நேரம் தாங்கும். தின்னரோ அசிட்டோனோ கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், வளையத்தில் மிச்சமிருக்கும் மேல்பரப்பையும் கரைத்துவிடும்.

கழற்றுவது சுலபம். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஹாரன் பேடைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்தினேன். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரை விட்டுவைப்பது நல்லது. ஸ்டியரிங் சட்டென்று விடுபட்டால் நேரே முகத்தில் அடிக்கும். ஷாஃப்டிலும் ஸ்டியரிங்கிலும் நேர்க்கோடு போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது கோணல் வராது. ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த வேலையில் நாமாக இறங்கவே கூடாது.

கெட்டுப்போனதை மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். தார் மாதிரி சுருண்டு வந்தது. உள்ளே கெட்டியான நுரை தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டு, உப்புத்தாள் போட்டு, பள்ளங்களை எம்-சீலால் நிரப்பி, மேலே பெயின்டர்கள் அடிக்கும் இரு கலவை எபாக்சி பிரைமரைப் பூசினேன். மிச்சம் இருக்கும் நுரை நாளைக்குக் கசிந்தாலும் தோலுக்கு வராமல் தடுக்க அந்தப் படலம் வேண்டும்.

தோல் பெரியமேட்டில் வாங்கினேன், 1 மி.மீ. தடிமன். கை பிடிக்கும் இடத்தில் வளையத்தின் தடிமனைச் சுற்றி நூல் வைத்து அளந்ததில் 78 மி.மீ.; தோலை 73 மி.மீ. அகலத்துக்கு வெட்டினேன். இழுத்துத் தைக்கும்போதுதான் தோல் வளையத்தைக் கவ்வும், பசையை நம்பக் கூடாது. இரண்டு ஓரத்திலும் முன்கூட்டியே மெஷின் தையல் ஓட்டச் சொன்னேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் தைக்கிற பெரியவர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி இது. கைத்தையலில் ஊசி தோலைக் குத்தவே குத்தாது; அந்த மெஷின் தையலின் கண்ணிகளை மட்டும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு போகும். ஓட்டை கிழியாது, இடைவெளியும் ஒரே சீராக வரும். மெழுகு நூல், இரண்டு ஊசி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே அளவு இழுப்பு இருக்க வேண்டும். ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் மட்டும் தோலை வெட்டி மடக்கிக் கொஞ்சம் பசை வைத்தேன். விரல் வலித்தாலும், அந்தத் தையல் உள்பக்கமாக நேர்க்கோட்டில் ஓடுவதைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

மாட்டி ஓட்டியாயிற்று. வளையம் முன்னைவிடச் சற்றுத் தடிமன், பிடிக்க நன்றாகவே இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் இப்போது ஒரு துண்டைப் போட்டு மூடுகிறேன். ஹாரன் பேடின் ஓரமும் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தோல் சரிவராது, பிரைமருக்கு மேல் கறுப்பு மேட் பெயின்ட் அடித்துப் பார்க்கப் போகிறேன். ஈரக்காற்றில் அடித்தால் பெயின்ட் வெளுத்துவிடும் என்பதால் மழை விட்டதும்தான் அந்த வேலை.