விளக்கு வைக்கிற நேரத்தில் நின்றுபோகும் நெட்

நவம்பர் 20, சாயங்காலம் ஆறரை மணி. ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கும்பகோணத்துப் பாத்திரக் கடை ஒன்றின் கணக்கை முடித்து, கடைக்காரரிடம் ஓடிபி கேட்டு வாங்கி, எண்ணைப் போட்டு அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி ரூட்டரைப் பார்த்தால், எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமம் எங்களுடையது. பதினாலு கடைகளுக்கும் இரண்டு அரிசி ஆலைகளுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் அபராதம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. ஐம்பது ரூபாய்க்காக எந்தக் கடைக்காரரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனாலும் என் கையால் போன கணக்கில் தாமதம் என்று பதிவாகிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்குத் திண்ணையின் ஓரத்தில், போனில் இரண்டு கோடு சிக்னல் வருகிற ஒரே இடத்தில் உட்கார்ந்து, சாரல் மடிக்கணினி மேல் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, மீதி ஐந்து கணக்கையும் ஹாட்ஸ்பாட்டில் முடித்தபோது இரவு பத்தே முக்கால்.

ஆடிப்பெருக்கு சமயத்தில்தான் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். ஆவணியும் புரட்டாசியும் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பாதியில் மழை பிடித்தது, அதோடு இந்தத் தொல்லையும் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் நெட் போகும். நாலு நிமிஷம் வரும், மறுபடி போகும். ராத்திரி முழுக்க இப்படியே. காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் எது நின்றாலும் ‘வைஃபை போச்சு’ என்றுதான் சொல்வது. இது இரண்டு தனித்தனிச் சமாச்சாரம். ரூட்டரிலிருந்து நம் போன் வரைக்கும் வருவது வைஃபை. வெளியிலிருந்து ரூட்டர் வரைக்கும் வருவது நெட். எது போனது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். ரூட்டர் கூடத்தில், என் மேசை ரேழியை ஒட்டிய அறையில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டி வரவே வராது, 2.4 தட்டுத்தடுமாறி வரும். அதனால் சுவர்தான் காரணம் என்று நினைத்து, பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி, நிலைப்படி மேலாகக் கொண்டுவந்து நேரே கணினியில் செருகினேன். பகல் வேலைக்கு அது பெரிய உபகாரம், இன்றைக்கும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் சாயங்காலம் நின்றது நின்றதுதான்.

அடுத்து அடாப்டர். என் கொழுந்தனார் பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர். ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். வெயில் காலத்துச் சூட்டில் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகுமாம். கழற்றி வைத்து அளந்தால் கெட்ட அடாப்டர்கூட 12 வோல்ட் காட்டும், ஓடும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும் என்று சொல்லி, ஒயரில் ஒரு இடத்தில் தோலை லேசாகச் சீவி, ரூட்டர் ஓடும்போதே மீட்டர் வைத்தார். 12.1 காட்டியது. சீவிய இடத்தில் டேப் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் லோ வோல்டேஜ்தான் காரணம் என்று எதிர் வீட்டுத் தாத்தா சொன்னார். வோல்டேஜ் இறங்குவது உண்மைதான், கூடத்து டியூப் லைட்டே சாட்சி. ஆனால் அடாப்டர் மேல் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. 180 வந்தாலும் அதற்குப் போதும்.

‘சாயங்காலம் ஊரே படம் பார்க்கும், அதான்’ என்றார்கள் சிலர். கூட்டம் அதிகமானால் வேகம் குறையும். சிவப்பு விளக்கு எரியாது. எல்ஓஎஸ் என்பது ‘லாஸ் ஆஃப் சிக்னல்’ என்பதன் சுருக்கம். ஃபைபர் ஒயரில் நெட் வருவது ஒளியாக, வெளியிலிருந்து வர வேண்டிய அந்த ஒளி சரியாக வந்து சேரவில்லை என்று ரூட்டரே வாய்விட்டுச் சொல்கிற இடம் அது. நான் அதை ஆரம்பத்திலேயே நம்பியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

பிங் போட்டுப் பார்த்ததும், அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று சோதித்ததும், சந்தேகம் தீர்ந்தது. கணினியில் இரண்டு கருப்புத் திரையைத் திறந்து, ஒன்றில் 192.168.1.1, அதாவது நம் வீட்டு ரூட்டர். இன்னொன்றில் 8.8.8.8, வெளியே இருக்கிற கூகுளின் சர்வர். நெட் போகும்போது முதல் திரை நிற்காமல் ஓடியது, இரண்டாவது நின்றுவிட்டது. ரூட்டர் நம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு வெளியோடுதான் பேச்சு அறுந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரூட்டரின் பின்னால் ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட். அதை அழுத்தினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இணைப்பு கொடுக்கும்போது அவர்கள் போட்டுவைத்த பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் பெரும்பாலும் அதோடு அழிந்துபோகும். அடுத்த தெருவில் ஒரு பையன் அழுத்திவிட்டு, ஆள் வந்து மறுபடி போட்டுத் தரும்வரை இரண்டு நாள் நெட் இல்லாமல் இருந்தான்.

புகார் கொடுத்தேன். ஆள் வந்தார். காலை பதினோரு மணி. மஞ்சள் நிறப் பவர் மீட்டரில் ஒயரைச் செருகிப் பார்த்தார். மைனஸ் 21. ‘சூப்பரா இருக்கு மேடம்’ என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வந்த நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். அது ஒளியின் பலம். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைகிறது. மூன்று இறங்கினால் பாதி, பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 27 வரை ரூட்டர் சமாளிக்கும், அதற்குக் கீழே போனால் தடுமாறும். மீட்டர் இல்லாமலே அதைப் பார்க்கலாம் என்று, 192.168.1.1 பக்கத்துக்குள் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்ற வரியையும் காட்டிக் கொடுத்தார். அதுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

அவர் போன பிறகு ஒரு முடிவு செய்தேன். இனி ரூட்டரை அணைத்துப் போடக் கூடாது. அணைத்துப் போட்டால் சில சமயம் வந்துவிடும், ஆனால் ஏன் போனது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். பதிலாக, வவுச்சர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம் எழுதத் தொடங்கினேன். நின்றது எப்போது, நிலையாக வந்தது எப்போது, அப்போது வெளியே மழையா வெயிலா, கரண்ட் இருந்ததா.

ஒன்பது நாள் எழுதினேன். மாலை 5.50, 5.55, 5.45, 6.00. இப்படியே. காலையில் நிலையாக வருவது 6.15, 6.20. மழைக்கும் இதற்கும் நேர்க்கணக்கு இல்லை, மழை விட்ட நாளிலும் போயிருந்தது. கரண்டுக்கும் சம்பந்தமில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும் 7.40. அந்த ஒரு வரிதான் உறுத்தியது. கணக்கில் ஒரு தொகை மட்டும் தனியாக நின்றால் அங்கேதான் விஷயம் இருக்கும், இது என் தொழில் சொல்லிக் கொடுத்தது. அன்றைக்கு என்ன நடந்தது? நாள்காட்டியைப் பார்த்தேன். பிரதோஷம். அத்தை பாபநாசம் நூற்றெட்டு சிவாலயத்துக்குப் போய்விட்டு, பஸ் தாமதமாகி, ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

அத்தைக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தேன். மணி 5.50. அத்தை விளக்கு வைப்பதற்கு முன்னால் வழக்கம்போல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிற காலம், பொழுது சாய்ந்தால் கொசு படையெடுத்து வரும். கூடத்து மேற்கு ஜன்னலின் கதவை இழுத்தார்கள், மூடவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தி, கொக்கியை மாட்டினார்கள்.

“மழைக்குக் கதவு ஊறி உப்பிப் போச்சும்மா. போதாததுக்கு இந்த ஒயரு வேற இடிக்குது. எத்தனை நாளாச் சொல்றேன்.”

உண்மைதான். பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தச்சு வேலை என்று நினைத்து, மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆடியில் இணைப்பு கொடுத்தபோது, சுவரில் ஓட்டை போடாமல், ஜன்னல் வழியாகவே ஒயரை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். வெளியே தென்னை மரத்திலிருந்து தாழ்வாரம், அங்கிருந்து ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலை. காய்ந்த மரத்தில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தது, கறுப்பு ஒயர் அதில் அடங்கிவிட்டது. இப்போது மரம் ஊறியதில் அந்த இடைவெளி இல்லை. கதவின் விளிம்பு ஒயரைச் சட்டத்தோடு நசுக்கி, எல் எழுத்து மாதிரி மடக்கிவைத்திருந்தது. அந்த இடத்தில் ஒயரின் தோல் வெளுத்து, நகத்தால் அழுத்திய மாதிரி ஒரு பள்ளம்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, ஆர்எக்ஸ் பவர் பக்கத்தைத் திறந்தேன். மைனஸ் 28.4. “அத்தை, கொக்கியை எடுத்துடுங்க” என்றேன். கதவு திறந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். மைனஸ் 20.9. மறுபடி சாத்தச் சொன்னேன். மைனஸ் 28.1. திறந்தால் 21.0. சிவப்பு விளக்கு அத்தையின் கைக்கு ஏற்றபடி எரிந்து அணைந்தது. நாலாவது தடவை அத்தையே, “இதுக்குள்ள வெளிச்சமா வருது?” என்று ஒயரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

வெளிச்சம்தான், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதன் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடுகிற நடுத்தண்டு 9 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிட எத்தனையோ மெல்லியது. இழை நேராக இருக்கும்வரை, பெரிய வளைவாக இருந்தாலும்கூட, ஒளி உள்ளுக்குள்ளேயே பிரதிபலித்து ஓடும். சட்டென்று ஒடுங்கி மடிந்தால் அந்த வளைவில் பக்கவாட்டில் கசிந்துவிடும். எங்கள் ஜன்னலில் அந்த மைனஸ் எண் ஏழரை இறங்கும் அளவுக்குக் கசிந்தது. ஆறு பங்கில் ஒரு பங்குதான் ரூட்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மைனஸ் 27 என்ற எல்லைக்கு ஒட்டிக் கீழே நின்றதால்தான் ஒரேயடியாகச் செத்துப்போகாமல் வருவதும் போவதுமாக இருந்தது. கொக்கி கொஞ்சம் தளர்ந்தால் வரும், காற்றில் கதவு இறுகினால் போகும்.

மறுநாள் அதே ஆளைக் கூப்பிட்டு, படம் எடுத்து வைத்ததைக் காட்டினேன். அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தை வாங்கி முழுக்கப் படித்தார். கொழுந்தனார் ட்ரில்லிங் மெஷினோடு வந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி வெளிப்பக்கம் சரிவாக ஒரு துளை போட்டு, சின்ன பிவிசி குழாயைச் செருகினார். ஒன்றரை அடிச் சுவருக்கு நீளமான பிட் வேண்டியிருந்தது, அதற்கே ஒரு மணி நேரம். சர்வீஸ்காரர் நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, தோலை உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, கண்ணாடி இழையைச் சீவி, புதிய பச்சைக் கனெக்டர் போட்டார். வெட்டி விழுந்த இழைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டார். காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாதாம். ஒயர் முனையை யாரும் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது என்றும் அத்தையிடம் சொன்னார். மீதி ஒயரை இறுக்கிக் கட்டாமல், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டார்.

உங்கள் வீட்டில் ஒயர் ஜன்னல் வழியாக வந்தால், இன்றைக்கே போய்ப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் மடிந்திருக்கிறதா, கட்டிலின் கால் மேலே நிற்கிறதா, ஆணி இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நின்ற நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு ஜன்னல், உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம்.

டிசம்பர் 11 அன்று ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் சாயங்காலம்தான் வேண்டுமென்றே உட்கார்ந்து போட்டேன். வெளியே நல்ல மழை. மைனஸ் 20.6. அத்தை கூடத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு நிமிஷம் நின்று ரூட்டரைப் பார்த்தார்கள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அப்புறம் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார்கள்.