வேப்பமூட்டுப் பழைய புத்தகக் கடை

நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் பழைய புத்தகக் கடையில் தமிழோடு மலையாளப் புத்தகங்களும் கிடைப்பதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது; மலையாளம் படித்த தாத்தாக்களின் அலமாரிகள், பேரன்கள் வீடு மாற்றும்போது எடைக்குப் போடப்பட்டு இங்கே வந்து சேருகின்றன.

அண்ணாச்சி எந்தப் புத்தகத்தையும் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. முதலில் முதுகுத் தையலை விரலால் அழுத்திப் பார்ப்பார், பிறகு பூச்சி அரித்த தடம் உண்டா என்று நடுப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடிப்பார். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் காகிதத்துக்கு ஈரமே முதல் எதிரி. அட்டை கிழிந்திருந்தால் பொருட்படுத்தாதவர், கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் நாவலை விற்பதை மட்டும் பாவமாகவே கருதுகிறார்.

சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய காலச்சுவடின் ஆரம்ப இதழ்கள் வந்தால் அவை அடுக்குக்கே போவதில்லை. மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, கேட்டு வைத்தவர்களுக்குச் சொல்லியனுப்புவார். மாலையில் கூடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இதனால் வாக்குவாதம் வருவதுண்டு (என் கட்சி, முதலில் கேட்டவருக்கே).

படித்ததைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கிடைக்கும் என்பதால், ஒரே நாவல் பல கைகள் மாறி, ஓரங்களில் வெவ்வேறு மையில் எழுதிய எதிர்வாதங்களோடு திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட பிரதிக்கு அவர் கூடுதலாகவே விலை கேட்பார், நானும் கொடுத்துவிடுவேன்.