தாருகாவனத்துல வேர் எங்க இருக்கு?

சிதம்பரம் பக்கம் பொறந்தவங்களுக்கு இந்தக் கதைய புதுசா சொல்ல வேண்டியதில்ல. தாருகாவனத்து ரிஷிங்களுக்கு தலைக்கனம் ஏறிப்போச்சு, சிவன் பிச்சாடனரா போறாரு, பெருமாள் மோகினியா கூடப் போறாரு, யாகத்துலேர்ந்து புலி வருது பாம்பு வருது முயலகன் வர்றான், எல்லாத்தையும் அடக்கிட்டு அங்கயே ஒரு ஆட்டம் ஆடறாரு, அதப்பத்தி பெருமாள் ஆதிசேஷன்கிட்ட சொல்லப்போய் அவரு பதஞ்சலியா தில்லைக்கு வந்து தவங்கெடந்து பாக்கறாரு. கதையில ரெண்டு காடு இருக்கு. ரெண்டாவது காடு நம்ம வீட்டு வாசல்லயே இருக்கு, பிச்சாவரத்துல படகு எடுத்தா தில்லை மரத்த பாத்துடலாம், அதோட பால் மட்டும் கண்ணுல பட்டுடக்கூடாது. மொத காடு எப்படிப்பட்ட காடுன்னு எந்த குருக்களும் சொன்னதில்ல, நாமளும் கேட்டதில்ல.

வழுவூர்க்காரங்க தாருகாவனம் எங்க ஊருதான்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும். உத்தராகண்ட்ல அல்மோராவுக்கு அந்தாண்ட ஜாகேஷ்வர்னு ஒரு ஊரு, அவங்களும் இதையேதான் சொல்றாங்க. யாரு சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு, ஆனா தாருகாவனம்ங்கற பேருக்கு ஏத்த மாதிரி ஜாகேஷ்வர்ல தேவதாரு மரம் நிக்குது, அதுவும் கொஞ்சநஞ்சமில்ல, பள்ளத்தாக்கு முழுக்க. நூத்துக்கு மேல சின்னதும் பெருசுமா கல்கோயில், 7-ஆம் நூற்றாண்டுலேர்ந்து கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க, நடுவுல ஜடாகங்கைன்னு ஒரு ஓடை, ரெண்டு பக்கமும் சரிவு, சரிவு முழுக்க தேவதாரு. அம்மாவ கூட்டிட்டுப் போயிருந்தேன். கோயில பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டு அண்ணாந்து மரத்த பாத்தவங்க, "ஏன்டா, இவ்ளோ பாறையா இருக்கே, இதுல வேர் எங்கடா இருக்கும்?"னு கேட்டாங்க. பண்ருட்டி பக்கம் பொறந்தவங்க, 2011 டிசம்பர் கடைசில தானே புயல் அடிச்சப்போ பலாவும் முந்திரியும் வேரோட பேந்து கெடந்தத பாத்தவங்க, அந்தக் கேள்வி வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அதுக்கு பதில் தேடப்போய்தான் இவ்ளோ நீளமா எழுதிட்டிருக்கேன்.

தேவதாரு 40, 50 மீட்டர் வரைக்கும் வளரும். ஆப்கானிஸ்தான் கிழக்குலேர்ந்து பாகிஸ்தான், காஷ்மீர், ஹிமாச்சல், உத்தராகண்ட், நேபாளத்தோட மேற்கு ஓரம் வரைக்கும் மலையில ஒரு பட்டையா இருக்கு, கடல் மட்டத்துலேர்ந்து சுமாரா 1500 மீட்டர்ல ஆரம்பிச்சு 3000 மீட்டருக்கு கொஞ்சம் மேல வரைக்கும். ஜாகேஷ்வர் 1870 மீட்டர்னு சொல்றாங்க, அதாவது பட்டையோட கீழ்ப்பாதி. அந்தப் பட்டைக்குள்ளயும் எல்லா எடத்துலயும் வராது. ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்கக்கூடாது. அவ்ளோதான் அதோட மொத்த ஜாதகமும்.

பாறைச்சரிவு அந்த ரெண்டையும் ஒரே நேரத்துல குடுக்குது. நம்ம தொட்டிச்செடிக்கு அடியில ஓட்டாஞ்சில்லு போடறோம்ல, மலை அத தானாவே பண்ணி வெச்சிருக்கு. ஒடஞ்ச கல்லு, அதுக்கு நடுவுல இலைமக்கு, அதுக்கும் கீழ வெடிப்பு விட்ட பாறை. மழையோ பனியோ வந்தா தண்ணி உள்ள எறங்கி வெடிப்பு வழியா ஓடிடுது, வேர சுத்தி காத்து நிக்குது, ஆனா கல்லோட நெழல்ல இருக்கற மண்ணு சீக்கிரம் காயாது. வேர் பக்கவாட்டுல பரவி கல்ல கட்டிப் புடிச்சுக்கும், வெடிப்பு கெடைச்ச எடத்துல உள்ள எறங்கும். ஓடை ஓரத்துல கரை அறுத்துக்கிட்ட எடத்துல இது நல்லாவே தெரிஞ்சுது, பாறாங்கல்ல வேர் பின்னிக் கெடக்குது, எது எதப் புடிச்சிருக்குன்னு சொல்ல முடியல. அம்மாவுக்கு அத காட்டினேன், "ம்ம்"னாங்க.

பிச்சாவரத்துல நடக்கறது இதுக்கு நேர் எதிர். அங்க சேறு, உப்பு, தண்ணி தேங்கியே நிக்குது, சேத்துக்குள்ள காத்தே கெடையாது, அதனால வெண்கண்டல் மூச்சு வேர வெளிய நீட்டி ஆயிரக்கணக்குல பென்சில் நட்டு வெச்ச மாதிரி நிக்கவிடுது. தேவதாருக்கு அந்த வித்தை தெரியாது. அதோட வேர கொஞ்ச நாள் தண்ணில ஊறவெச்சா அழுகிடும். கல்லு இருக்கறதாலதான் அது பொழைக்குது, கல்லு இருந்தும் பொழைக்குதுன்னு சொன்னா தப்பு.

சரி ஈரம் எங்கேர்ந்து வருது. இங்கதான் எனக்கு ஒரு விஷயம் ரொம்ப புடிச்சுது. சிம்லாவுல வருஷத்துக்கு பெய்யற மழைக்கும் கடலூர்ல பெய்யறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, நமக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல, அவங்களுக்கு அதவிட கொஞ்சம் கூட. அப்புறம் ஏன் அங்க தேவதாரு, இங்க முந்திரி? புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் தெரியும்ல, பீச் ரோடு பக்கத்துல, 1955-ல ஆரம்பிச்சது, அங்க இந்தியாவுக்கான தாவர வரைபடம் போட்டாங்க, அந்த வேலைக்குப் பின்னாடி இருந்தவரு ஆன்ரி கோசென்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. அவரு ஒரு எளிமையான கணக்கு வெச்சிருந்தாரு: ஒரு மாசத்து மழை மில்லிமீட்டர்ல எவ்ளோவோ, அது அந்த மாசத்து சராசரி வெப்பத்தோட ரெண்டு மடங்குக்கு கம்மியா இருந்தா அது வறண்ட மாசம். போட்டுப் பாருங்க. நமக்கு ஏப்ரல்ல 30 டிகிரி, அப்போ 60 மில்லிமீட்டர் மழை வேணும், அதுல பாதி கூட பெய்யாது. சிம்லாவுல ஜனவரில அஞ்சாறு டிகிரி, 12 மில்லிமீட்டர் இருந்தாலே போதும், அதுக்கு பல மடங்கு மழையாவும் பனியாவும் கொட்டுது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில மொத்தமா கொட்டிட்டு ஏரிய ஒடச்சிக்கிட்டு கடலுக்குப் போயிடுது, அங்க ஆடி ஆவணியில பருவமழை ஒரு தடவை, அப்புறம் குளிர்காலத்துல மேற்கேர்ந்து வர்ற மேகத்தால பனி இன்னொரு தடவை. அந்தப் பனி ஒரே நாள்ல ஓடாது, மெதுவா உருகி சொட்டு சொட்டா கல்லுக்குள்ள எறங்கும். சொட்டு நீர் பாசனத்துக்கு மானியம் கேட்டு நாம அலையறோம், அங்க சும்மா நடக்குது.

அதுலயும் மலை எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்கறது முக்கியம். நம்ம ஊருல சித்திரையில சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துடும், அதனால கடலூர் கேப்பர் மலையில எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே சூடுதான். ஜாகேஷ்வர் இருக்கற குமாவுன் மலைப்பக்கம் சூரியன் வருஷம் பூரா தெக்கால சாஞ்சேதான் போகும், குளிர்காலத்துல இன்னும் தாழ்வா. தெக்குப் பாத்த சரிவு காயும், வடக்குப் பாத்த சரிவுல நெழலும் பனியும் நிக்கும். அல்மோராவுலேர்ந்து வண்டியில வர்றப்போ இத கண்ணாலயே பாக்கலாம்: வெயில் பக்கம் முழுக்க சீர் பைன், தரையெல்லாம் காஞ்ச ஊசி இலை, அங்கங்க தீப்புடிச்ச கரி. வளைவு திரும்பி நெழல் பக்கம் வந்தா பாஞ்ச் ஓக் மரம், பாசி, பெரணி, அதுக்கப்புறம் தேவதாரு. ஒரே மலை, ஒரே உயரம், ரெண்டு காடு. ஏசிய ஆன் பண்ணின மாதிரி குளிர் மாறுதுன்னு டிரைவர் ஹிந்தியில சொன்னாரு, உண்மைதான், கைய வெளிய நீட்டினா தெரிஞ்சுது.

அந்த ஓக் மரத்துக்கு யாரும் கோயில் கட்டல, போட்டோ எடுக்கறதும் இல்ல, ஆனா என்னக் கேட்டா பாதி வேலை அதுதான் பாக்குது. அதோட இலை விழுந்து மக்கி தண்ணிய புடிச்சு வெக்குது, ஊர்ச்சனம் மாட்டுக்கு தழை ஒடிக்கறதும் அதுலதான். அங்க நௌலான்னு கல்லால கட்டின சின்ன ஊத்துக்கெணறு இருக்கு, மேல இருக்கற காடு நல்லா இருந்தா அதுல தண்ணி இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துல காட்டிலாகாவுக்கு ஓக் மேல அக்கறை இல்ல, தேவதாரு மேலதான் கண்ணு, ஏன்னா அதோட எண்ணெய் வாசனைக்கு கரையான் கிட்ட வராது, ரயில் ஸ்லீப்பர் கட்டைக்கு அது தோதா இருந்துச்சு. உத்தராகண்ட்லயே ஹர்சில்ங்கற ஊரு பக்கம் வில்சன்னு ஒரு ஆளு மலையில வெட்டி கங்கையில மெதக்கவிட்டே பெரும் பணக்காரனாயிட்டான். 1864-ல வனத்துறை ஆரம்பிச்சதுக்கு இந்த ஸ்லீப்பர் பசியும் ஒரு காரணம்.

வெட்டினது திரும்ப வர்றதும் லேசு இல்ல. பூ இலையுதிர் காலத்துல, அந்தப் பூவோட காய் முத்தறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், காய் மரத்துல இருக்கும்போதே பிரிஞ்சு உதிர்ந்து றெக்க வெச்ச விதை பறக்கும், எண்ணெய் விதைங்கறதால ரொம்ப நாள் தாங்காது. பனி உருகற மார்ச் ஏப்ரல்ல மொளைக்கணும், அப்புறம் மே, ஜூன் வெயில தாண்டணும், ஆடு மேயாம இருக்கணும், கீழேர்ந்து பைன் காட்டுத் தீ ஏறி வராம இருக்கணும். ஊசி இலை கனமா மூடின எடத்துல வேர் மண்ணத் தொடறதுக்குள்ள காஞ்சிடும், அதனால கன்னுங்க அதிகமா தெரிஞ்சது கல்லு சரிஞ்சு புது மண்ணு வெளிய வந்த எடத்துலயும் பாசி புடிச்ச பாறை இடுக்குலயும்தான். இப்போ பனி கொறஞ்சு போச்சு, வந்தாலும் நிக்கறதில்லன்னு டீக்கடைக்காரரு சொன்னாரு. அவரு விஞ்ஞானி இல்ல, ஆனா அந்தக் கடையிலயே கெழவனானவரு, அவரு பேச்ச தட்டிவிட எனக்கு மனசு வரல.

தப்பிச்ச மரம் மட்டும் பல நூறு வருஷம் நிக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்து (எஃப்ஆர்ஐ) மியூசியத்துல ஒரு தேவதாருவோட குறுக்கு வெட்டு இருக்கு, 700 வளையத்துக்கு மேல. ஈரமான வருஷம் அகல வளையம், காஞ்ச வருஷம் ஒல்லி வளையம், இத வெச்சுதான் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்துல பழைய காலத்து மழையையே கணக்கு போடறாங்க. ஈரமா இருக்கற சரிவவிட வறண்ட பாறையில கஷ்டப்பட்டு நிக்கற மரத்துலதான் இந்தக் கணக்கு நல்லா வருமாம், ஏன்னா அதுக்குத்தான் ஒவ்வொரு மழையும் தெரியும்.

2024-ல ஜாகேஷ்வர் ரோட்ட அகலமாக்க சுமார் ஆயிரம் தேவதாருக்கு குறி போட்டாங்க. ஊர்ச்சனம் கெளம்பி எதிர்த்ததுல நிறுத்தி வெச்சாங்க. நான் ரோடு வேணாம்னு சொல்லல, அம்மா மாதிரி முட்டி வலி இருக்கறவங்களுக்கு ரோடு இல்லாம அந்தக் கோயில் கெடையாது. ஆனா சரிவோட அடிய வெட்டினா போறது எண்ணிக்க போட்ட மரம் மட்டும் இல்ல, மேல கல்லு வெடிப்பு வழியா எறங்கி வர்ற தண்ணி வெட்டின எடத்துல வெளிய வந்து ரோட்டுல ஓடும், அதுக்கு மேல இருக்கற மரங்களுக்கு புடிமானமும் போகும், அதெல்லாம் எந்த எஸ்டிமேட்லயும் வராது. போறதா இருந்தா காத்கோதாம் வரைக்கும் ரயில்ல போய் அங்கேர்ந்து கார் எடுங்க, அக்டோபர் நல்ல மாசம், மழை நின்னிருக்கும், மகரந்தம் மஞ்சப்பொடியா மரத்துலேர்ந்து பறக்கும். சைனஸ் இருந்தா மாத்திரை எடுத்துட்டுப் போங்க.